கண்காட்சி மண்டபத்திலிருந்து துறைமுகத்துக்கு

திருகோணமலையிற் கமரா வைத்திருக்கும் இளைஞர் பலரிடம் ஒரே படம் இருக்கும்: விடியற் சூரியன், கோணேசர் மலை, கீழே ஒரு தோணி. அழகான படமே, ஆயினும் எடுத்தவர் யாரெனப் பிரித்தறிய இயலாத அழகு அது. இத்தகையோர் நல்லதொரு நிழற்படக் கண்காட்சியைக் கண்டு மீண்டால் என்ன நிகழும்? பெரும்பாலும் அங்கே கண்டவற்றைப் போலவே எடுக்கத் தொடங்குவர். அதனை இழிவாகக் கருத வேண்டியதில்லை.

போல் ஸ்ற்ராண்டின் வரலாற்றை நோக்குக. நியூயோர்க்கிற் பள்ளி மாணவராயிருந்த அவரை, 1907ஆம் ஆண்டளவில், ஆசிரியர் லூயிஸ் ஹைன் அல்பிரட் ஸ்ரிக்லிற்சின் '291' என்னும் கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். (குழந்தைத் தொழிலாளரின் அவலத்தைப் படங்களால் அமெரிக்காவுக்கு உணர்த்திய அதே ஹைன்தான்.) நிழற்படக் கலைஞராவதென அன்றே முடிவுசெய்த ஸ்ற்ராண்ட், அக்கூடத்தார் போற்றிய மங்கலான, மென்மையான பாணியிலேயே பல ஆண்டுகள் படமெடுத்தார். 1915இல் எடுத்த 'வோல் ஸ்றீற்' படத்திலேதான் அவருடைய சொந்தக் கண் தெரிகிறது. வங்கிக் கட்டடத்தின் இருண்ட பெருஞ்சாளரங்கள். அவற்றின் கீழே நீண்ட நிழல்களோடு விரையும் சிறு மனிதர். ஸ்ரிக்லிற்ஸ் 1917இல் தமது 'கமரா வேர்க்' சஞ்சிகையின் இறுதி இதழை ஸ்ற்ராண்டின் படங்களுக்கே ஒதுக்கினார். கண்டதற்கும் கனிந்ததற்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள்!

அப்படத்தைக் கண்ட திருகோணமலை மாணவர் எதனைக் கொண்டு மீள்வது? சாளரங்களின் வடிவத்தையன்று, பெருங்கட்டுமானத்தின் அருகே மனிதன் எவ்வளவு சிறியவனாகிறான் என்ற வினாவை. சீனன்குடாவில் பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் எஞ்சியுள்ளன. ஒன்று 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்தழிந்தது. பல பற்றைக்காட்டினுள் மறைந்து கிடக்கின்றன. பேரரசுகளின் கணக்கில் இடம்பெற்ற இத்துறைமுகம், அதன் கரையில் வலை உலர்த்துபவரின் கணக்கில் எவ்வாறு தோன்றும்? கடற்படையின் எல்லைக்குள் அனுமதியின்றிக் கமராவை உயர்த்த முடியாதென்பது வேறு விடயம். அத்தடையும் இவ்வூர்ப் படத்தின் ஒரு பகுதியே.

கோணேசர் மலையைக் கைவிட வேண்டுமென்பதுமில்லை. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் அம்மலையடிக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டனர். எல்லோரும் அண்ணாந்து நோக்கிய மலையை அவர்கள் அடியிலிருந்து நோக்கினர். மூழ்குதல் எல்லோர்க்கும் இயல்வதன்று. விடியற் பொழுதில், மலைக்கும் சூரியனுக்கும் முதுகைக் காட்டிக் கரையில் நின்றால், அதே ஒளி தோணி தள்ளுவோரின் முகங்களில் விழுவதைக் காணலாம்.