குளிரின் கட்சியில்

நவம்பர் இறுதியில் அடிவானத்துக்குக் கீழே போய், ஜனவரி நடுவில்தான் மறுபடி முகம் காட்டுகிற சூரியன், பங்குனி பிறந்ததும் பழைய கடனையெல்லாம் வட்டியோடு தீர்க்க வந்தவன் போல நாளொன்றுக்குச் சுமார் 9 நிமிஷம் பகலை நீட்டிக்கொண்டே போகிறான். ஆயினும் நோர்வேயின் வடகோடியில், 70ஆம் அட்சரேகையை ஒட்டியிருக்கும் ஆல்ட்டாவில், மண்ணைக் கண்ணால் பார்க்க வைகாசி வரையில் காத்திருக்க வேண்டும். கண்ணைக் கூசச் செய்யும் வெயிலும், காலடியில் இறுகிக் கிடக்கும் பனியும் ஒருங்கே வாய்க்கிற இந்தச் சில வாரங்களுக்காகவே இவ்வூரார் நீண்ட இருட்டைப் பொறுத்துக்கொள்கிறார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உயிர்த்த ஞாயிறு விடுமுறை வந்துவிட்டால் ஊரே தோடம்பழமும் சாக்லேட்டும் பையில் போட்டுக்கொண்டு மலைக்குப் புறப்பட்டுவிடும். நானும் புறப்படுகிறேன், என்னை இழுத்துச் செல்வது ஒரு நாய்.

ஸ்கிஜோரிங் என்று உலகத்தார் வழங்கும் இந்த விளையாட்டுக்கு வேண்டிய சாமான்கள் சொற்பம். நாய்க்கு ஒரு மார்ச்சேணம், மனிதனுக்கு இடுப்பில் ஓர் அகலமான பட்டி, இரண்டையும் இணைக்க நடுவே ரப்பர் வைத்துத் தைத்த, இரண்டரை மீட்டருக்குக் குறையாத கயிறு, ஆபத்து நேர்ந்தால் ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் கொளுக்கி. இவற்றோடு பனிச்சறுக்குக் கட்டைகள், அவற்றிலும் இரும்பு விளிம்பு இல்லாதவை, ஏனெனில் நாய் திடீரென்று நின்றுவிட்டால் அந்த விளிம்பு அதன் பின்னங்காலை அறுத்துவிடக்கூடும். சுவிட்ஸர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் இதையே குதிரைகளைப் பூட்டிச் செய்வார்கள். 1928ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் அது காட்சிப் போட்டியாகவும் இடம்பெற்றது. அது தனவந்தர்களின் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் நாய் போதும்.

எங்கள் வீட்டு ஃபிரையா, 1981இல் தொடங்கி மார்ச் மாதங்களில் இவ்வூரிலிருந்து புறப்படுகிற, ஏறக்குறைய 1200 கிலோமீட்டர் தூரமுள்ள ஃபின்மார்க் நாய்வண்டிப் பந்தயத்துக்கென்று பழக்கப்பட்ட கூட்டமொன்றிலிருந்து, வயதின் நிமித்தம் விலக்கப்பட்டு எங்களிடம் வந்து சேர்ந்தவள். படங்களில் வரும் நீலக் கண்ணும் ஓநாய்ச் சாயலும் அவளிடம் இல்லை. மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள், இழுப்பதற்கென்றே பிறந்த சுபாவம். சேணத்தைக் கையில் எடுத்த கணத்திலிருந்து அவள் போடும் கூச்சல் அக்கம்பக்கத்தாரை எழுப்பிவிடும். கயிறு இறுகி முதல் அடி வைத்ததுமோ, அத்தனை ஆரவாரமும் அற்றுப்போய், மூச்சின் ஓசையும் கட்டைகளின் சரசரப்பும் மாத்திரம் எஞ்சும். கடிவாளம் என்ற ஒன்று கிடையாது. வலப்பக்கம் திரும்ப ‘ஹோய்ரே’, இடப்பக்கம் திரும்ப ‘வென்ஸ்த்ரே’ என்று வாயால் சொல்வதோடு நம் அதிகாரம் முடிந்துவிடுகிறது. கலைமான் வாடை காற்றில் வந்துவிட்டால் அந்த அதிகாரமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் படலைக்கு வெளியே நாயைக் கட்டிப்போட்டுப் பழகிய என் அம்மா தொலைபேசியில் இதைக் கேள்விப்பட்டு, “நாய் இழுத்துக்கொண்டு போற நிலைமைக்கு வந்திட்டியே தம்பி!” என்று உண்மையிலேயே கவலைப்பட்டார்.

அம்மாவின் கவலை அது. என்னைத் திகைக்க வைத்த விஷயம் வேறு. எண்பதுகளில் இந்தக் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்த எங்கள் தலைமுறைத் தமிழர்களுக்கு, குளிர் என்பது ஒரு சத்துரு. கையுறைக்குள் விறைத்த விரல்களோடு மீன் வெட்டிக்கொண்டு, இது எப்போது தொலையும் என்று நாட்காட்டியில் கோடு கிழித்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவன் இன்று, பங்குனி இரவு சுழியத்துக்குக் கீழே 10 பாகைக்கு இறங்குமென்று வானிலை அறிக்கையில் கண்டால் மனம் குளிர்ந்துபோகிறேன். காரணம் நாயின் தேக அமைப்பு. நமக்கு வியர்ப்பது போல அதற்கு உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் மட்டுமே வியர்வைச் சுரப்பிகள் பயன்படுகின்றன, மற்றபடி உஷ்ணத்தை வெளியேற்ற நாக்கை நீட்டி இரைப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. உழைக்கும் நாய்க்குச் சுழியத்துக்கு மேலே நாலைந்து பாகை என்பதே, அதிலும் ஆல்ட்டாவின் வசந்த வெயில் மேலிருந்தும் பனியிலிருந்தும் இருபுறமும் அடிக்கும்போது, பெரிய வெப்பம்.

ஆகவே, விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். முந்தின நாள் வெயிலில் இளகி, இரவில் உறைந்த மேற்பனி அப்போது கண்ணாடித் தளம் போலக் கட்டைகளைத் தாங்கும். பத்து மணிக்குமேல் அதுவே சர்க்கரைப் பாகாகி, நாய் வயிறு வரை புதையும். இந்த ஈரப் பனிக்கு இன்னொரு துர்க்குணமும் உண்டு: விரலிடுக்கு ரோமத்தில் ஒட்டி, பட்டாணி அளவில் பனிக்கட்டி உருண்டைகளாகத் திரண்டுவிடும். ஃபிரையா நின்று, பின்னால் திரும்பிப் பார்த்து, முன்னங்காலை உயர்த்திக் காட்டுவாள். நான் கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு உருண்டையையும் உள்ளங்கைச் சூட்டில் இளக்கி எடுத்து, பாதத்தில் களிம்பு தடவி, துணிக் காலுறை மாட்டிவிட வேண்டும். காலுறை மாட்டும்போது மட்டும், அரசியைப் போல, வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஏப்ரல் 1ஆம் தேதி முதல் ஆகஸ்ட் 20 வரையில் நாய்களைக் கட்டியே வைக்க வேண்டும் என்று இந்நாட்டுச் சட்டம், தரையில் கூடு கட்டும் பறவைகளையும் கன்று ஈனும் கலைமான்களையும் உத்தேசித்து, விதிக்கிறது. கயிறு இன்றி ஓட முடியாத எங்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. எங்களைத் தடுப்பது சட்டமல்ல, உஷ்ணமானிதான். அது ஏற ஏற எங்கள் ஓட்டம் சுருங்குகிறது. இதனால் சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. ஜன்னலோரச் சட்டியில் குளிர்காலம் முழுவதும் இலையுதிர்த்து நின்ற கறிவேப்பிலைக் கன்றுக்காக, “இன்னும் கொஞ்சம் வெயில் எறிக்கட்டும்” என்கிறாள் மனைவி. இன்னும் இரண்டு கிழமை உறைபனி வேண்டும் என்கிறேன் நான். வாக்கெடுப்பு என்று வந்தால் பிள்ளைகள் இருவரும் அம்மாவின் பக்கம் போய்விடுவார்கள். நாய் என் பக்கம்.