கடைசி வாரம்

ஊருக்கு வந்த சர்க்கஸைக்கூடக் கூடாரம் பிரிப்பதற்கு முதல் நாள்தான் பார்த்தவன் நான். கண்காட்சிகளுக்கும் அப்படித்தான். மூன்று மாதம் திறந்திருந்தால் கடைசி வாரத்தில் மூச்சிரைக்க ஓடுவேன்.

2017-இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் ஓவியர் ரஃபேலின் கோட்டுச் சித்திரங்களை வைத்திருந்தார்கள். 1683-இல் திறந்த இடம் அது. ஜூன் முதல் தேதி தொடங்கிய கண்காட்சி செப்டம்பர் 3-ஆம் தேதி முடிவதாக இருந்தது. நான் போய்ச் சேர்ந்தது ஆகஸ்ட் கடைசியில்.

உள்ளே நுழைந்ததும் கரண்ட் போய்விட்டதோ என்று தோன்றியது. அவ்வளவு மங்கல். தாளில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாதாம். பட்ட வெளிச்சம் பட்டதுதான். பிறகு எத்தனை வருஷம் பெட்டியில் பூட்டி வைத்தாலும் போன நிறம் திரும்பாது. கண்காட்சியை முடிப்பது நம்மை விரட்ட அல்ல, தாளுக்கு ஓய்வு கொடுக்க என்று அப்போதுதான் புரிந்தது.

கண் பழகிய பிறகு ஒன்று தெரிந்தது. மையோ சாக்கட்டியோ தொடுவதற்கு முன் ரஃபேல் வெறும் கூர்முனையால் தாளைக் கீறிப் பார்த்திருக்கிறார். நேரே நின்றால் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் தலையைச் சாய்த்தால் பள்ளம் பள்ளமாக ஒரு தோள், வேண்டாமென்று விட்ட ஒரு கை. மை தடவாத ஓலைச்சுவடி போல. ஒருவர் மனசு மாறியதை ஐந்நூறு வருஷம் கழித்துப் பார்ப்பது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. இயேசுவின் சீடர்கள் இருவரின் தலையும் கைகளும் உள்ள தாள் முன்னால் வெகுநேரம் நின்றேன். 37 வயதில் ரஃபேல் இறந்தபோது கையிலிருந்த ஓவியத்துக்காக வரைந்தது. கிழவரின் விரல்களைப் பார்த்தால் நம் வீட்டுத் தாத்தா ஞாபகம் வரும்.

வெளியே வரும்போது கால் ஓய்ந்துவிட்டது. இந்தியக் கலைக்கூடத்தை விட்டுவிட்டேன். அது நிரந்தரக் காட்சிதானே, எங்கே போய்விடப் போகிறது?

2024 ஜூனில் செய்தி வந்தது. அந்த அருங்காட்சியகம் 1967-இல் லண்டன் ஏலத்தில் வாங்கிய திருமங்கை ஆழ்வார் வெண்கலச் சிலையை இந்தியாவுக்குத் திருப்பித்தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டுவிட்டது. 1957-இல் அதே சிலையைக் கோயிலில் வைத்து எடுத்த புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்திருக்கிறது. காட்டிக்கொடுத்தது அந்தப் படம்தான்.

கோயில் சுந்தரபெருமாள்கோவிலில் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பாசஞ்சர் அங்கே நிற்கும். கல்லூரிக்குப் போன மூன்று வருஷமும் தினம் இரண்டு தடவை அந்த ஸ்டேஷனை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் இறங்கியதில்லை.