கையில் கொடுத்த காசு

கடல் கடந்த மடல் – தோஹா



தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் லயத்திலிருந்து போன வாரம் சின்னம்மா மகள் பேசினாள். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிறாளாம். “ஏஜென்சியில கையிலயே காசு குடுத்துட்டாங்க அண்ணே, அடகு நகையெல்லாம் மீட்டாச்சு” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

முதலில் கையில் காசு, பிறகு பயணம். எங்கள் கொள்ளுத் தாத்தாவையும் இப்படித்தான் றப்பர் தோட்டத்துக்குக் கூட்டி வந்தார்கள். கங்காணி ஊரிலேயே முன்பணம் கொடுத்தான். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அதே கணக்கில் ஏறின. தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் பேர் விழும்போதே ஆள் கடன்காரன். வேறு தோட்டம் போக வேண்டுமென்றால் தோட்டத் துரையிடம் ‘துண்டு’ வாங்க வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று எழுதிய சீட்டு அது. புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் ஆளோடு கூடவே போகும். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

நான் தோஹா வந்த காலத்தில், வேலை மாறப் பழைய முதலாளியின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் வேண்டியிருந்தது. கத்தார் அதை நீக்கியது 2020இல். துண்டு ஒழிந்து 99 வருடம் கழித்து! 2021 மார்ச்சில் இங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1000 ரியால் ஆனது. அதே மார்ச்சில் நம் தோட்டங்களுக்கு நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. ஒரு ரியால் ஐம்பது ரூபாய்க்கு மேல் போன நேரம். போகாதே என்று எந்த வாயால் சொல்வேன்?

ஆனால் ஏஜென்சி கையில் கொடுத்த அந்தக் காசு அன்பளிப்பு இல்லை. அரபு வீட்டுக்காரர் ஆள் பிடிக்கக் கட்டும் தொகையில் ஒரு பங்கு அது. அடி பட்டோ, பட்டினி கிடந்தோ பாதியில் திரும்ப நினைத்தால், வாங்கியதைக் கட்டு என்பார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது, இதுவும் துண்டுதான். இந்த முன்பணத்தையும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்.

தங்கச்சி, இடையில் வந்தால் எவ்வளவு கேட்பார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கு. ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த பிரதி ஒன்றைச் சின்னம்மா கையில் கொடுத்துவிட்டுப் புறப்படு.