அப்பாவின் காலும் அம்பாசிடரின் காலும்

பிரேக் பிடிக்கவில்லை என்றால் ஊரே கத்தும். பிரேக் ரொம்ப நன்றாகப் பிடிக்கிறது என்று யாராவது அழுது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஆறு மாதம் அந்த அழுகைதான்.

வண்டி 1994 மாடல் அம்பாசிடர். வயது எழுபத்திரண்டு. (வண்டிக்கல்ல, ஓட்டுகிற அப்பாவுக்கு!) உத்தரபாராவில் அந்த வண்டி தயாரிப்பதையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். அப்பா நிறுத்துவதாக இல்லை. மாதம் ஒரு முறை அம்மாவைப் பின் ஸீட்டில் உட்காரவைத்து, பாளையங்கோட்டை டாக்டரிடம் அவர்தான் அழைத்துப் போவார். டாக்ஸி என்று யாராவது வாயைத் திறந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் ரசம்கூட இறங்காது.

பெடலில் லேசாகக் கால் வைத்தால் போதும், பின்பக்கம் 'லபக்'கென்று கவ்வும். அம்மா போய் முன் ஸீட்டின் முதுகில் முட்டிக்கொள்வாள். காலையில் முதல் பிரேக்குக்கு மட்டும் இப்படி என்றால் கவலையில்லை. ராத்திரி ஈரத்தில் டிரம்முக்குள் மெல்லிசாய்த் துரு படியும்; நாலு தரம் மிதித்தால் தேய்ந்துவிடும். இதுவோ மத்தியான வெயிலிலும் கவ்வியது.

அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) தீர்ப்பு எழுதிவிட்டார்: "மாமாவுக்கு வயசாச்சு. கால் மரத்துப் போச்சு. எவ்வளவு அழுத்துறோம்னே தெரியலை. பேசாம சாவியை வாங்கி வெச்சிடுங்க."

அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிற அப்பா, அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து வலது காலை மடக்கி, நீட்டி, மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ போலிருந்தது.

டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் இரண்டு முறை பின் லைனிங் மாற்றினார்கள். இரண்டு முறையும் ஒரு மாதம் சொகுசு, அப்புறம் பழைய 'லபக்'. நான் பி.காம். இன்ஜினுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் ஒரே செலவு இரண்டு தடவை எழுதியும் கணக்கு நேராகவில்லை என்றால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்கிற வரை தெரியும்.

கடைசியில் வண்ணார்பேட்டையில், அம்பாசிடரோடேயே நரைத்துப்போன ஓர் அண்ணாச்சியிடம் போனோம். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஆளில்லாத ரோட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய், காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்தார்.

லபக்!

"பாத்தீங்களா தம்பி? ஹேண்ட் பிரேக்கு பின் சக்கரத்துக்கு மட்டுந்தான் போவுது. அதுல பிரேக் ஆயிலு கிடையாது, ஒண்ணு கிடையாது. வெறும் கம்பி. அதுலயே கவ்வுதுன்னா கோளாறு டிரம்முக்குள்ள இருக்கு. ஐயா கால்ல இல்ல."

பின் ஸீட்டில் அப்பா கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார்.

அண்ணாச்சி இறங்கி ரோட்டைக் காட்டினார். இடது பின் டயர் மட்டும் சின்னதாய்க் கறுப்புக் கோடு இழுத்திருந்தது. பஸ்ஸில் பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எல்லாம் முன்னால் சாய்கிறோம் இல்லையா? காரின் பாரமும் அப்படித்தான் முன் சக்கரத்துக்குப் போய்விடும். பின் டயர் லேசாகிவிடும். அந்த நேரம் பார்த்து அது சுற்றாமல் பூட்டிக்கொண்டால், பக்கவாட்டுப் பிடி போய், வால் முன்னால் வரப் பார்க்கும். அதுவும் மழை ரோடாக இருந்தால்... பின் ஸீட்டில் அம்மாவை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கி போட்டு, டிரம்மைக் கழற்றினார். உள்ளே இருந்த தூசியைக் காற்றடித்து ஊதப் போன பையன் தலையில் ஒரு குட்டு. "ஈரத்துணியால துடைலே!" பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், நுரையீரலுக்கு ஆகாது.

லைனிங்கில் எண்ணெய். எனக்கு ஒரே குழப்பம். எண்ணெய் பட்டால் வழுக்கத்தானே வேண்டும்?

நிறையப் பட்டால் வழுக்குமாம். கொஞ்சமாய்ப் பட்டால் சூட்டில் கருகிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளுமாம். போதாததற்கு, டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூவில் ஒன்றை, சுற்றுகிற டிரம்மே இழுத்துத் தன்மேல் இன்னும் அழுத்திக்கொள்ளும். கதவுக்கடியில் வைக்கிற ஆப்பு மாதிரி. கதவைத் தள்ளத் தள்ள அது இறுகும். பிசுக்கு பட்ட ஆப்பு ஒரேயடியாக இறுகிவிடுகிறது.

வீல் சிலிண்டர் காய்ந்துதான் இருந்தது. அண்ணாச்சி எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். "பிரேக் ஆயில் இல்ல தம்பி. கந்தக வாடை. கியர் ஆயிலு. பின் ஆக்ஸிலுக்குள்ள இருந்து சீலைத் தாண்டி வருது. ஆனா சீலு புதுசால்லா இருக்கு!"

நான் விழித்தேன். அவர் வண்டிக்கடியில் தவழ்ந்து போய், ஆக்ஸில் ஹவுசிங் மேல் வருஷக்கணக்காய் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினார். ஒரு சின்ன மூச்சுத் துளை! முழுக்க அடைத்திருந்தது. ஓடும்போது உள்ளே சூடேறிக் காற்று விரியும். போக வழியில்லை. எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சீல் வழியே புறப்பட்டுவிடும். சோற்றுப் பானை வாயை இறுக்கிக் கட்டிவிட்டு, கஞ்சி ஏன் ஓரத்தில் வழிகிறது என்று இரண்டு தரம் பானையை மாற்றியிருக்கிறார்கள்!

வைத்தியம்? ஒரு செப்புக் கம்பி. அதை விட்டுக் குடைந்தார், அவ்வளவுதான். பிறகு புது சீல். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடலாமா என்று கேட்டேன் (காமர்ஸ் புத்தி). "சூடேறினா மறுபடியும் கசியும்" என்று குப்பையில் போட்டார். நன்றாயிருந்த வலது பக்கத்துக்கும் புதுசு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாய் இழுக்குமாம். டிரம்மைத் துடைத்து, அட்ஜஸ்டரைச் சக்கரம் உரசும் வரை இறுக்கி, துளி தளர்த்திவிட்டார்.

அடுத்த டாக்டர் விஸிட்டுக்கு நானும் போனேன். முருகன்குறிச்சி தாண்டியதும் ஓர் ஆடு சாவகாசமாகக் குறுக்கே வந்தது. அப்பா கால் வைத்தார். வண்டி சத்தமில்லாமல் நின்றது. பின் ஸீட்டில் அம்மாவின் குறட்டை நிற்கவில்லை.

ஆடு போகும் வரை காத்திருந்துவிட்டு அப்பா சொன்னார்: "மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடு."

"என்னப்பா சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஞாயித்துக்கிழமை குத்தாலம் போறோம், வரச் சொல்லு. முன் ஸீட்ல எம்பக்கத்துல உக்காரட்டும்."