70 வளைவு, இரண்டு மிதி, ஒரு கட்டை

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வரை சமவெளிதான். அடிவாரத்தைத் தாண்டியதும் கொல்லிமலை ஏற்றம் தொடங்கிவிடும். மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். மிளகு, காபி, பலா, அன்னாசி எல்லாம் விளையும் மலை இது. குச்சிக்கிழங்கும் உண்டு. அது சேகோ ஆலைக்குப் போக, பாரத்தோடு கீழே இறங்கியாக வேண்டும். ஏற்றம் இன்ஜினுக்குச் சோதனை. இறக்கம் பிரேக்குக்குச் சோதனை.

ஒரு தை மாதத்தில் வயலாய்வுக்காக ஏறிக்கொண்டிருந்தேன். பாதி மலையில், கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று மலைச்சுவரை ஒட்டி நின்றது. கருகிய வாடை. டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, ஓட்டி வந்த இளைஞர் கை நடுங்க உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்கல சார். ஒரு பக்கமாவே இழுக்குது" என்றார். கூட வந்த அவருடைய அப்பா பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரித்ததில் மூன்று தவறுகள் தெரிந்தன. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்கியிருக்கிறார். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லை. மொத்த பாரத்தையும் டிராக்டரின் பிரேக் மட்டுமே தாங்கி, சூடேறிப் பிடிமானம் போய்விட்டது. காலையில் உழவுக்காகப் பிரித்த இடது, வலது பிரேக் மிதிகளைத் திரும்பப் பூட்டவும் இல்லை. ஒரு மிதி மட்டும் அழுந்தினால் டிராக்டர் ஒரு பக்கம் திரும்பும்; பின்னால் இருக்கும் பாரம் தள்ளிக் கவிழ்த்துவிடும்.

தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டார். கூடாது, சூடான இரும்பு விரிசல் விடும். தானாக ஆறும்வரை காத்திருந்தோம். பாதிக் கிழங்கை ஒரு மினி லாரிக்கு மாற்றி, மிதிகளைப் பூட்டி, குறைந்த கியரில் இறக்கச் சொன்னேன். அப்பா கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் போய் நிற்கப் பார்த்தார். "பின்னால வாங்கய்யா" என்று தடுத்தேன். பத்திரமாக இறங்கினார்கள்.

மலைக்கு மட்டுமல்ல, ஏரிக்கரைச் சரிவுக்கும் இவை பொருந்தும்:

• சாலைக்கு வருமுன் இரண்டு மிதிகளையும் பூட்டுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்குகிறதா என்று வெறும் வண்டியில் சோதியுங்கள்.

• எந்த கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரை மாற்றுங்கள். நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள்.

• மிதியில் கால் வைத்தபடியே இறங்காதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள்.

• டிரெய்லர் வாங்கும்போது பிரேக் உள்ளதாகக் கேளுங்கள். இருப்பதில் ஆயில் கசிவு, குழாய் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

• இணைப்பு பின்னுக்குப் பூட்டு ஊசியும், கூடவே சங்கிலியும் போடுங்கள். இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

• ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள்.

• பிரேக் பிடிக்காவிட்டால் கியரை விடாதீர்கள். பள்ளத்தின் பக்கம் போகாமல், மலைச்சுவரை ஒட்டி உரசி நிறுத்துங்கள்.

அன்று அடிவாரத்தில் அந்தப் பெரியவர் சொன்னார்: "கிழங்கு நாளைக்குக்கூட ஆலைக்குப் போகும் சார். பையன் இன்னைக்கு வீட்டுக்கு வரணும்."