கண் சிவந்தால்

கண் சிவந்தவனைக் கோபக்காரனாகக் காட்டுவது நாடக மேடை வழக்கம். நம் அறைகளில் கண் சிவப்பதற்கு அவ்வளவு பெரிய காரணம் வேண்டியதில்லை. பரீட்சைக்கு முன் இரண்டு இரவு விழித்தால் போதும்; சாலைக் கடைத்தெருவின் தூசியில் மாலையில் ஒரு நடை போய் வந்தால் போதும்; செல்பேசியை முகத்தருகே பிடித்துக்கொண்டு படுத்தாலும் போதும். அப்படிச் சிவந்த கண்ணுக்கு நாம் செய்துகொள்ளும் வைத்தியத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுத விரும்புகிறேன். நான் மருத்துவம் படிப்பவன் அல்லன், தமிழ் படிப்பவன். ஆயினும் சென்ற ஆண்டு என் அறைத் தோழர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன்.

வலியசாலையை நம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சுற்றிய அக்கிரகாரத் தெருக்கள், வாசலில் கோலம், உள்ளே மலையாளம் கலந்த தமிழ். இராசராசன் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை இதுதான் என்பாரும் உண்டு, அன்று என்பாரும் உண்டு. அந்த வழக்கை வரலாற்றுத் துறையினருக்கே விட்டுவிடுவோம். அங்கே ஒரு மாமியின் வீட்டு மாடியறையில் நானும் நாகர்கோவில் நண்பர் ஒருவரும் குடியிருந்தோம்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. நான் ஊருக்குப் போய்ச் சில நாட்கள் கழித்து இரவில் திரும்பினேன். நண்பர் விளக்கை அணைத்துவிட்டு, வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல டே. லைட்ட மட்டும் போடாத" என்றார்.

நடந்ததை மாமி சொன்னாள். வலது கண் மட்டும் சிவந்திருக்கிறது. நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னார் ஒருவர். இளநீர்க்குழம்பு எழுதச் சொன்னார் மற்றொருவர். "கண்ணைக் கசக்காதே அம்பி, ஆஸ்பத்திரியிலே கொண்டுபோய்க் காட்டு" என்று மாமி மட்டும் சொல்லியிருக்கிறாள். நண்பர் போனது மருந்துக்கடைக்கு. கடைக்காரர் ஒரு கணம் பார்த்தார், "செங்கண்ணு" என்றார், ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. அடுத்த நாளே கண் வெளுத்துவிட்டதாம். மகிழ்ச்சியோடு மேலும் மேலும் விட்டிருக்கிறார். நான்காம் நாள் வலி வந்தது, பார்வை மங்கியது.

மறுநாள் காலை அரசு கண்ணாசுபத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மாள் கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் ஒன்றை இட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியின் மேல் மரக்கிளை போன்ற புண். அக்கி இனத்தைச் சேர்ந்த ஹெர்பிஸ் என்னும் வைரஸ் செய்யும் வேலை அது. புட்டியை வாங்கிப் பார்த்தவர் முகம் கடுத்தது. அதில் ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் இருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் எரிச்சலையும் விரைவில் தணிக்கும்; ஆனால் கிருமியை எதிர்க்கும் உடலின் காவலையும் தணித்துவிடும். வெளியே வெள்ளையாகத் தெரிந்த அந்த நாட்களில் உள்ளே புண் கிளை விட்டிருக்கிறது. இத்தகைய மருந்தைச் சீட்டின்றி விற்பது 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படியே கூடாது. மாதக்கணக்கில் விட்டால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறி, பார்வை நரம்பே கெடுவதும் உண்டு.

அசைக்ளோவிர் களிம்பு, நாளைக்கு 5 வேளை. ஊரிலிருந்து அப்பா வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஒன்றும் பேசாமல் வேளை தவறாமல் மகனுக்குக் களிம்பு இட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பருவத் தேர்வை நண்பர் எழுதவில்லை. புண் ஆறிவிட்டது, கருவிழியில் மெல்லிய தழும்பு ஒன்று நின்றுவிட்டது. இடது கண்ணை மூடினால் பஸ் பலகையைப் படிக்க இன்றும் கிட்டே போகிறார்.

கடைக்காரர் சொன்ன செங்கண்ணு, அதாவது நாம் 'மெட்ராஸ் ஐ' என்பது, வேறு. 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1918-ஐ ஒட்டி அடையாளம் கண்டதால் அப்பெயர் வந்தது என்பர். பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். கையைக் கழுவுவதும், துண்டையும் தலையணையையும் தனியே வைத்துக்கொள்வதும் அதற்கு வேண்டிய முதல் மருந்து.

தூசியாலும் விழிப்பாலும் வரும் சிவப்புக்கென்று சீட்டில்லாமலே வாங்குகிற சொட்டு மருந்துகளில் பல, நாபசோலின் போன்ற சரக்கைக் கொண்டவை. அவை நோயைத் தீர்ப்பதில்லை; கண்ணின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெளுக்கச் செய்கின்றன, அவ்வளவே. மூன்று நாளுக்கு மேல் விட்டால், மருந்து இறங்கியதும் குழாய்கள் முன்னிலும் அதிகமாக விரியும், மேலும் சிவக்கும், மேலும் விடத் தோன்றும். கல்யாண வீட்டில் போட்டோவுக்காக இதை விடுகிறவர்களை நான் அறிவேன். ஒரு நாளோடு நிறுத்தினால் பிழையில்லை. குறுகிய கோணக் கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது.

வறண்ட கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர் மேல். ஆனால் எதுவும் கிருமி சேராதவரைதான் மருந்து. 2023-இல் அமெரிக்காவில் ஒரு செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபட்ட கிருமித் தொற்று 18 மாநிலங்களில் 81 பேருக்குக் கண்டது; 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்கு விழியையே எடுத்தார்கள், 4 பேர் மாண்டார்கள். அந்த மருந்து செய்யப்பட்டது நம் சென்னையை அடுத்த திருப்போரூரில். இங்குள்ள அதிகாரிகள் தாங்கள் சோதித்த மாதிரிகளில் மாசு இல்லை என்றார்கள். அமெரிக்க அதிகாரிகளோ ஆலையின் தூய்மை முறைகளில் குறை கண்டார்கள்.

நம் கையால் புட்டியைக் கெடுக்காமலாவது இருக்கலாம். முனை இமையில் படக்கூடாது. கீழிமையை இழுத்து ஒரே சொட்டு. கண் அதற்கு மேல் தாங்காது, மற்றது கன்னத்தில்தான் வழியும். பிறகு கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிந்தவர் முதலில் அதைக் கழற்ற வேண்டும். திறந்து ஒரு மாதம் ஆன புட்டி குப்பைக்கு. வலி, வெளிச்சக் கூச்சம், மங்கல், அடிபட்ட கண், லென்ஸ் அணிபவரின் சிவந்த கண் — இவற்றுக்குக் கடை வாசலே வேண்டாம்.

மாமியின் பேத்திக்கு இரண்டு வயது. சிவப்பைப் போக்கும் அந்தச் சொட்டு மருந்தை ஒன்றிரண்டு மில்லி குழந்தை குடித்துவிட்டாலே மூச்சும் நாடியும் தளரக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012-இல் எச்சரித்திருக்கிறது. அதைச் சொன்ன அன்று மாமி எங்கள் அறைக்கு வந்தாள். ஜன்னல் விளிம்பிலிருந்த புட்டிகளையெல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்ப் பூட்டிய அலமாரியில் வைத்தாள். இப்போது எங்களுக்கு ஒரு சொட்டு வேண்டுமானாலும் அவளிடம் காரணம் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.