இறுதி மனிதர் விதைத்த வித்து

நாளை என்ன நேருமோ என்று கவலையுறாத மனிதர் இல்லை. பேரப்பிள்ளைகளின் காலத்தை எண்ணுவோரும் உளர். ஆயின், இருநூறு கோடி ஆண்டுகளுக்கு அப்பால் மனித குலம் எவ்வாறிருக்கும் என்று எண்ணத் துணிந்தோர் மிகச் சிலரே. அவருள் தலையாயவர் ஒலாவ் ஸ்டேப்பிள்டன் என்னும் ஆங்கிலேயர். முதலாம் உலகப் போரிலே படைக்கலம் ஏந்தாது, காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டியவர். பின்னர் மெய்யியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

1930 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘இறுதி மனிதரும் முதல் மனிதரும்’ என்ற நாவலிலே தலைவனும் இல்லை, தலைவியும் இல்லை. மனித குலமே கதாபாத்திரம். நாம் முதல் மனிதர். நமக்குப் பின் மேலும் பதினேழு மனித இனங்கள் தோன்றுகின்றன. ஓரினம் பெரும் மூளையாகவே வளர்கின்றது. ஓரினம் சிறகு பெற்றுப் பறக்கின்றது. பூமியை விட்டு வெள்ளிக்கும், பின்னர் நெப்டியூனுக்கும் மனிதன் குடிபெயர்கின்றான். அங்கே பதினெட்டாம் இனத்தார் அறிவிலும் அன்பிலும் உயர்ந்து வாழுங்கால், சூரியனுக்கு நேர்ந்த கேட்டினால் தம் முடிவு நெருங்குவதை அறிகின்றனர்.

நீண்ட காலக் கணக்கு நமக்குப் புதிதன்று. ஒரு கற்பம் 432 கோடி ஆண்டு என்பது நம் புராணக் கணக்கு. ஆனால், அங்கே ஊழிக்குப் பின் மீண்டும் படைப்பு உண்டு. ஸ்டேப்பிள்டன் கதையிலோ மனிதன் திரும்பி வருவான் என்ற உறுதி இல்லை.

இக்கதையை வகுப்பிலே கூறியபோது, “எல்லாம் அழியத்தான் போகுதென்றால், ஏன் சேர் படிக்க வேணும்?” என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகைப்புத் தோன்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தோரும் வீடிழந்தோரும் தம் நெஞ்சுக்குள் கேட்கும் கேள்வி அன்றோ அது?

அதற்கு விடை அக்கதையிலேயே உண்டு. அழிவை அறிந்த இறுதி மனிதர் கைகட்டி இருந்தாரல்லர். உயிரின் நுண்ணிய வித்துக்களை ஆக்கி, சூரியக் கதிர்களே அவற்றைத் தொலைதூர உலகங்களுக்கு உந்திச் செல்லும் வண்ணம் விண்வெளியிலே தூவ முற்படுகின்றனர். அவற்றுள் ஒன்றேனும் முளைக்குமா என்பது அவர்க்குத் தெரியாது. முளைப்பினும் அதனைக் காண அவர் இரார். எனினும் விதைக்கின்றனர். பனங்கொட்டை புதைத்த நம் முன்னோர், அதன் பழத்தைத் தாமே உண்போம் என்று எண்ணியா புதைத்தனர்?

அந்நூலும் ஒரு வித்தே. இங்கிலாந்தின் மைன்ஹெட் என்னும் சிறு பட்டினத்து நூலகத்தில் அதனை எடுத்துப் படித்த சிறுவனே, பின்னாளில் விஞ்ஞானக் கதைகளால் உலகப் புகழ் எய்திய ஆதர் சி. கிளார்க். 1956 முதல் 2008 இல் மறையும்வரை நம் இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்டவர் அவர். 1950 இலேயே காலமான ஸ்டேப்பிள்டன், தம் வித்து இத்துணை தூரம் வந்து தழைத்ததைக் காணவில்லை.

சூரியன் இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் ஒளிரும் என்பர் வானியலார். நம் மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளே. முடிவு என்றோ ஒருநாள் வரட்டும். அதற்கிடையிலே கற்பதும், கற்றதை இளையோர் கையிற் கொடுப்பதும் நமக்குரிய விதைப்பு. விளைச்சலைக் காண்போர் வேறொருவராயின், அதனால் நமக்கு என்ன குறை?